வண்டித் தடத்தில் ஊறும் பாதரசம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாதரச மாசு என்றதும் நம் ஊரில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையும் அனல்மின் நிலையங்களும்தான் பேச்சில் வரும். ஆனால் சுற்றிலும் ஆலையே இல்லாத காட்டு ஓடை மீனிலும் பாதரசம் ஏறுகிறது. மரம் வெட்டும் முறைக்கும் அதில் பங்குண்டு. இதை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஸ்வீடனில், மீனில் உள்ள பாதரசத்தில் 9 முதல் 23 விழுக்காடு வரை காட்டுவேலைகளால் வந்திருக்கலாம் என்று 2009இல் ஒரு மதிப்பீடு வெளியானது.

மரம் வெட்டினால் புதிதாகப் பாதரசம் பிறப்பதில்லை. நிலக்கரிப் புகையோடு காற்றில் வந்தது இலையில் படிந்து, சருகோடு விழுந்து, மக்கு மண்ணில் பல பத்தாண்டுகளாக ஒட்டிக்கிடக்கிறது. மரம் போனபின் நீரை உறிஞ்ச வேர் இல்லை. நிலத்தடி நீர் மேலேறி, அந்த மக்கு அடுக்கு வழியாகவே ஓடைக்கு வடிகிறது. அதைவிட மோசம் வண்டித் தடம். மரம் ஏற்றிய வண்டி 30 டன்னைத் தொடும். ஈர நிலத்தில் சில நடை போய்வந்தாலே ஆழமாகப் பள்ளம் விழும். அதில் தேங்கும் நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும், சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை, உயிர்களின் உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக்கிவிடும். நசுங்கிக் கிடக்கும் இலையும் கிளையும் அவற்றுக்குத் தீனி. பள்ளம் சரிவை நோக்கிப் போனால் அதுவே வாய்க்கால்.

ஓடைக்கு வந்ததைப் பாசி உறிஞ்சுகிறது. செறிவு கூடுவதில், நீரிலிருந்து பாசிக்குத் தாவும் அந்த முதல் படிதான் ஆகப் பெரியது. பிறகு பூச்சிப் புழு, சிறு மீன், பெரிய மீன். கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. கர்ப்பிணிகள் பைக், பெர்ச் போன்ற மீன்களை ஆண்டுக்கு 2, 3 தடவைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று ஸ்வீடன் உணவுத் துறை சொல்வது இதனால்தான்.

அளக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். ஓடை நீரில் மொத்தப் பாதரசத்தை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. மெத்தில் வடிவம் அதில் சிறு பங்குதான். மீனிலும் ஒரே நீளமுள்ளவற்றையே ஒப்பிட வேண்டும். பெரிய பைக் பல ஆண்டுக் கணக்கைச் சுமக்கும், அந்த வருட மாற்றத்தைக் காட்டுவது பெர்ச் குஞ்சு. நிழல் போய் வெயில் விழுந்தால் பாசி பெருகி மீன் வேகமாக வளர்ந்து, ஒரு கிராம் மீனுக்கு இவ்வளவு என்ற கணக்கில் பாதரசம் குறைந்ததுபோலவும் தெரியலாம். வெட்டியபின் மாற்றமே தென்படாத இடங்களும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வெட்டுமுன்பே ஈர நிலம் எது என்று பார்த்துத் தடத்தைக் குறிக்க வேண்டும். ஸ்வீடன் போன்ற குளிர்நாடுகளில் நிலம் உறைந்த மாதங்களில் வண்டியை இறக்குவது நல்லது. தடத்தில் கிளைகளை மெத்தைபோலப் பரப்ப வேண்டும். அந்தக் கிளைகளையே எரிபொருளுக்கு விற்றுவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஓடையைக் கடக்கத் தற்காலிகப் பாலம் போதும். கரையோரம் வெட்டாமல் விடும் பட்டையின் அகலத்தை நீர் ஊறிவரும் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நூல் பிடித்தாற்போல 10 மீட்டர் விட்டுவிட்டு, ஊற்றுக்கண் மேலேயே வண்டியை ஏற்றினால் அந்தப் பட்டை எதற்கு?

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி