பழைய காருக்குப் புது சீட்டா? பக்கிளைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற, துணிக்கூரை போட்ட இரண்டு சீட் காருக்கு, வெளியில் விற்கும் பக்கெட் சீட் (உடலை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் சீட்) இரண்டு வாங்கினேன். பழையதைக் கழற்றுவது சுலபம், சீட்டுக்கு நான்கு போல்ட்தான். ஆனால் சீட்டை வெளியே தூக்கி வைத்த பிறகுதான் கவனித்தேன், பெல்ட்டை மாட்டும் பக்கிள் காரின் தரையில் இல்லை, பழைய சீட்டின் சட்டத்திலேயே இறுக்கியிருக்கிறது, புது சீட்டில் அதற்கு இடமே கிடையாது. கடையில் ஒரு மெல்லிய இரும்புப் பட்டையில் ஓட்டை போட்டு மாட்டித் தந்தார்கள். கையால் இழுத்தாலே வளைகிறது! மோதலில் நம் எடையைப்போல் பல மடங்கு விசை வந்து விழுகிற இடம் அது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்புறம் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இந்த மாடலுக்கென்றே பக்கிள் இடத்தோடு செய்த அடிச்சட்டத்தை வரவழைத்து, தலையில் 10.9 என்று, அதாவது அதிக வலிமைக்கான குறி, பொறித்த போல்ட் போட்டேன். உட்காரும் உயரமும் முக்கியம், சற்று ஏறினாலும் தலை கூரைத் துணியில் இடிக்கும்.

சீட் விற்கும் கடைக்காரர்களே, பக்கிள் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், அப்புறம் விலை பேசலாம்.

— ஒரு வாசகர்