மர்ஃபி அவர்களே, அந்தக் கிளப் நீங்கள் காப்பாற்றியது

மதிப்பிற்குரிய ஜிம்மி மர்ஃபி அவர்களுக்கு,

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கிளப்பின் கதையை யார் சொன்னாலும் அதன் மேனேஜர்களான மாட் பஸ்பியைச் சொல்வார்கள், அலெக்ஸ் ஃபெர்குசனைச் சொல்வார்கள். நடுவில் 'உதவி மேனேஜர்' என்று ஒரு வரியில் உங்கள் பெயர் வந்து போகும். எனக்கு அது பொறுக்கவில்லை. 1958 பிப்ரவரி முதல் மே வரை அந்தக் கிளப் கலைந்துபோகாமல் பார்த்துக்கொண்டது நீங்கள். அந்த மாதங்களை எடுத்துவிட்டால் பின்னால் வந்த கோப்பைகள் ஏது?

நியூட்டன் ஹீத் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் 1878இல் தொடங்கிய அணி. கடனில் மூழ்கியபோது மதுபான ஆலை முதலாளி ஜான் ஹென்றி டேவிஸ் காப்பாற்றி, 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் என்ற புதுப் பெயர் வந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். போர் முடிந்து நீங்கள் வந்தபோது ஓல்ட் டிராஃபோர்ட் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. 1949 வரை சொந்த ஊர் ஆட்டங்களுக்கு மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தைத்தான் நம்பியிருந்தீர்கள்.

இத்தாலியின் பாரி நகரில், ராணுவ வீரர்களிடம் நீங்கள் கால்பந்து பற்றிப் பேசியதைக் கேட்டு பஸ்பி உங்களை அழைத்தார். சரியான ஆளைத்தான் பிடித்தார். வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கிலிருந்து வந்த நீங்கள் இளைஞர் அணியைக் கையில் எடுத்தீர்கள். எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) இளைஞர் கோப்பை 1953இல் தொடங்கியது முதல் 1957 வரை ஐந்து முறையும் உங்கள் பையன்களுக்கே. பாபி சார்ல்டனைத் தனியாக நிறுத்தி மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்தீர்கள். பத்திரிகைகள் அவர்களைப் 'பஸ்பியின் பிள்ளைகள்' என்றன. தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய கை உங்களுடையது. அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் 1956, 1957 லீக் பட்டங்கள் வந்தன.

1958 பிப்ரவரியில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்துக்காக அணி பெல்கிரேடு போனபோது நீங்களும் போயிருக்க வேண்டியது. வேல்ஸ் அணிக்கும் நீங்களே மேனேஜர் என்பதால், அதே பிப்ரவரி 5 அன்று கார்டிஃபில் இஸ்ரேலுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இருந்தீர்கள். வேல்ஸ் ஜெயித்தது. மறுநாள் ஓல்ட் டிராஃபோர்டுக்குத் திரும்பினீர்கள். அணி திரும்பி வந்த விமானம் மியூனிக்கில் நொறுங்கிய செய்தியை பஸ்பியின் செயலாளர் ஆல்மா ஜார்ஜ்தான் சொன்னார். விமானத்தில் பஸ்பிக்குப் பக்கத்தில் வழக்கமாக நீங்கள் உட்காரும் இடத்தில் அன்று இருந்தவர் பயிற்சியாளர் பெர்ட் வேலி, அவர் பிழைக்கவில்லை. மொத்தம் 23 உயிர்கள், அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள்.

மியூனிக் மருத்துவமனையில் ஆக்சிஜன் கூடாரத்துக்குள் கிடந்த பஸ்பி, தான் திரும்பி வரும்வரை கொடியைத் தாழவிடாதே என்று உங்களிடம் சொன்னார். அந்த நாட்களில் ஒரு மாடிப்படியில் நீங்கள் தனியாக உட்கார்ந்து அழுததை கோல்கீப்பர் ஹாரி கிரெக் பார்த்திருக்கிறார். விபத்தில் காயமடைந்த இளம் ஆட்டக்காரர் டங்கன் எட்வர்ட்ஸ் பிப்ரவரி 21 அன்று போனார். அதற்கு இரண்டு நாள் முன்பே நீங்கள் ஓர் அணியைக் களத்தில் இறக்கியாக வேண்டியிருந்தது.

அந்தப் பிப்ரவரி 19ஐத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எதிரில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே, எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். யார் ஆடப்போகிறார்கள் என்று தெரியாததால் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் யுனைடெட் ஆட்டக்காரர்களின் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலியாக இருந்தது. பிளாக்பூலிலிருந்து எர்னி டெய்லரை வாங்கியிருந்தீர்கள். ஆஸ்டன் வில்லாவின் ஸ்டான் க்ரௌதர் ஆட்டம் தொடங்க சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் கையெழுத்திட்டார். விபத்தில் தப்பிய கிரெக்கும் பில் ஃபோக்ஸும் பதின்மூன்றே நாளில் மறுபடி பூட்ஸ் மாட்டினார்கள். முதல் ஆட்டம் ஆடிய ஷே பிரென்னன் இரண்டு கோல், அலெக்ஸ் டாசன் ஒன்று. 3-0.

அப்புறம் அந்த ஒட்டுப்போட்ட அணி கோப்பை இறுதிப் போட்டி நடக்கும் வெம்ப்ளி மைதானம் வரை போனது! மே 3 இறுதிப் போட்டியில் போல்டனின் நாட் லாஃப்ட்ஹவுஸ் இரண்டு கோல் போட்டுத் தோற்கடித்தார். ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஏசி மிலனை ஓல்ட் டிராஃபோர்டில் 2-1 என்று வென்று, மிலனில் 4-0 என்று தோற்றீர்கள். சார்ல்டனை அப்போது இங்கிலாந்து அணி அழைத்துக்கொண்டது. அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அடுத்த மாதம் ஸ்வீடன் போய், வேல்ஸை உலகக் கோப்பைக் காலிறுதி வரை கொண்டுபோனீர்கள். பிரேசிலிடம் ஒரே ஒரு கோலில் தோல்வி, அதையும் போட்டது பதினேழு வயது பெலே.

யுனைடெட்டின் மிகப் பெரிய இரவு எது என்றால், ஐரோப்பியக் கோப்பையை வென்ற 1968 வெம்ப்ளி என்பார்கள், 1999 பார்சிலோனா என்பார்கள். நான் 1958 பிப்ரவரி 19 என்றுதான் சொல்வேன். 1968இல் பென்ஃபிகாவை 4-1 என்று வென்றபோது களத்தில் நின்ற சார்ல்டனும் ஃபோக்ஸும் அன்று நீங்கள் தூக்கி நிறுத்திய கிளப்பில் இருந்தவர்கள்தானே.

நீங்கள் 1989இல் மறைந்தீர்கள். ஓல்ட் டிராஃபோர்டில் உங்களுக்குச் சிலை வந்தது 2023இல். இத்தனை வருடம் காக்க வைத்ததில் எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது, ஐயா.

அன்புடன்,
உங்கள் ரசிகன்