1957 இல் கேட்டதைத்தான் இன்றும் கேட்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வறுமைதான் இலங்கைப் போருக்கு வித்திட்டது, வீதியும் மின்சாரமும் வந்தால் சமாதானமும் பின்னாலேயே வந்துவிடும் என்ற பொருளில் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வன்னியில் இருந்துகொண்டு அதை வாசித்தபோது எரிச்சல்தான் வந்தது. ஏ-9 வீதி நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. அதே வீதியோரம், கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், 2017 பெப்ரவரியில் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது வீதியை அல்ல, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளை.

பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் 1957 இல் செய்த ஒப்பந்தத்தில் முக்கியமானவை இரண்டு: வடக்குக் கிழக்கில் நிர்வாகம் தமிழில் நடப்பது, காணி, குடியேற்ற அதிகாரங்களைப் பிராந்திய சபைகளுக்குக் கொடுப்பது. மறு ஆண்டு ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து அமர்ந்தார்கள், ஒப்பந்தம் போயிற்று. 1965 இல் பிரதமர் டட்லி சேனநாயக்கவோடு செய்ததும் கிடப்பில் போனது. பிறகு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், பிறகு 1983 இல் தமிழருக்கு எதிரான வன்முறை. பொடியள் ஒரே இரவில் துவக்குத் தூக்கவில்லை.

எங்கள் அயலில் ஓர் அம்மா 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் காணி அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர். பிரதி கேட்டு எழுதினார். பதில் சிங்களத்தில் வந்தது. வாசிக்க ஆள் தேடி, கடைசியில் பேக்கரிக்காரரிடம் கொண்டுபோனார். தொலைந்த பத்திரத்தின் இலக்கத்தைத் தருமாறு எழுதியிருந்ததாம்! 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழிதான். மாகாணத்துக்கான காணி அதிகாரமும் அதே திருத்தத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது, கடதாசியில். வட மாகாண சபைக்கு 2013 இல்தான் முதல் தேர்தல். 2018 இல் அதன் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காக அடுத்த தேர்தல் நடக்கவில்லை.

குற்றம் கொழும்பில் மட்டும் என்று எழுதினால் அதுவும் பொய். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியது தமிழரின் பெயரால் புலிகள் ஏந்திய ஆயுதம். அவர்கள் திரும்பி வந்து முல்லைத்தீவில் காணி கேட்டபோது நம்மவர் சிலர் முகம் சுளித்தார்கள். காணி இல்லாதவனின் வலி தெரிந்த சனம் நாங்கள். எங்களுக்கே அது மறந்துபோனதுதான் கசப்பு.

1957 ஒப்பந்தம் நீண்ட ஆவணம் அல்ல. அடுத்த இதழில் அதை முழுமையாகப் பிரசுரியுங்கள். கட்டுரையாளரும் ஒருமுறை வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்