தண்டுவடக் காசநோயைக் காட்டித் தருபவர்களுக்கு நன்றி

தருமபுரி

ஸ்கேன் அறையிலும் ஆய்வகத்திலும் வார்டிலும் களத்திலும் உழைக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கமிருந்து தீராத முதுகுவலியோடு வருகிறவர்களுக்கு முதுகெலும்பில் காசநோய் இருந்தாலும் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். எலும்பின் தாதுச்சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் அதில் தெரியும். அதற்குள் சீழ் தண்டுவடத்தை நெருக்கிவிடலாம். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரி வலி ஆகியவற்றைக் கேட்டறிந்து உடனே எம்.ஆர்.ஐ.க்கு எழுதிய மருத்துவர்களுக்கு முதல் நன்றி.

டெக்னீசியன்களே, சீட்டில் இடுப்பு என்று மட்டும் இருந்தாலும் மருத்துவரைக் கேட்டு, கழுத்திலிருந்து வால் எலும்பு வரை ஒரு வரிசைப் படங்களையும் சேர்த்து எடுக்கிறீர்கள். இந்த நோய் நடுவில் நல்ல எலும்புகளை விட்டுவிட்டு வேறோர் இடத்திலும் பிடிக்கும். கொழுப்பின் ஒளியை அடக்கும் ஸ்டிர் என்ற பட வரிசையில்தான் எலும்பு மஜ்ஜையின் வீக்கம் வெளேரென்று தெரிகிறது.

எலும்பில் எதுவுமே இல்லாமல் தண்டுவடத்தைச் சுற்றிய உறையையும் நரம்பு வேர்களையும் மட்டும் பிடிக்கும் காசநோய்தான் கண்ணில் படாமல் நழுவுவது. எம்.ஆர்.ஐ.யின் டி1 என்ற வகைப் படத்தில் தண்டுவட நீர் கறுப்பாக இருக்க வேண்டும். புரதம் ஏறினால் அது சாம்பல் நிறமாகி, தண்டுவடத்தின் ஓரமே மங்கிப்போகும். டி2 என்ற இன்னொரு வகைப் படத்தின் குறுக்குவெட்டில், தண்ணீரில் மிதக்கும் நூல்கள்போலப் பிரிந்து கிடக்க வேண்டிய நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டியோ சுவரோடு அப்பியோ கிடக்கும். சாதாரண ஸ்கேனில் இவை தவறிப்போகலாம். நோயுள்ள இடத்தை ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றினால் உறை தடித்த கோடாக ஒளிரும். தண்டுவடத்துக்குள்ளேயே கட்டி இருந்தால் வளையமாகத் தெரியும். ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே தளத்தில் டி1 எடுத்து, பின்னதில் கொழுப்பை அடக்கினால்தான் கொழுப்பின் வெள்ளையும் நோயின் வெள்ளையும் குழம்பாது. நேரமாகிறது என்று நீங்கள் இதைக் குறைக்காததால் எத்தனையோ பேரின் கால்கள் பிழைக்கின்றன.

எடையைக் கேட்டு எழுதாமல் நிறுத்துப் பார்க்கும் செவிலியர்களுக்கும் நன்றி. காசநோயாளிகள் மெலிந்திருப்பார்கள். வழக்கமான கான்ட்ராஸ்ட் மருந்தில் கிலோவுக்கு 0.2 மில்லி, 40 கிலோ ஆளுக்கு 8 மில்லிதான். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கர்ப்பமா என்பதும் பார்க்காமல் நீங்கள் ஊசியை எடுப்பதில்லை. மெட்டி, தாயத்து, அரைஞாணில் கோத்த உலோகம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கழற்ற வைக்கிறீர்கள். பேஸ்மேக்கர் உண்டா என்று வீட்டாரிடமும் ஒருமுறை கேட்கிறீர்கள். வலி மாத்திரை முன்கூட்டியே கொடுத்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்தால்தான் நோயாளி அரைமணிக்கு மேல் அசையாமல் படுக்க முடியும். அசைந்தால் முதலில் அழிவது அந்த மெல்லிய வேர்களின் படம்தான்.

ரேடியாலஜி மருத்துவர்களே, மாடு வளர்ப்பவரா, காய்ச்சாத பால் குடிப்பவரா என்று நீங்கள் கேட்பது எங்களுக்குப் பெரிய உதவி. கால்நடைகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லா கிருமியும் கீழ் முதுகெலும்பில் இதே மாதிரிப் படம் காட்டும், மருந்து வேறு. படம் சந்தேகத்தைத்தான் சொல்லும். முடிந்தவரை ஊசியில் எடுத்த சீழோ திசுவோ கொண்டு உறுதிசெய்ய வேண்டும். அதைத் திசுவைப் பதப்படுத்தும் பார்மலினில் மட்டும் போட்டால் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது. ஒரு பகுதியைச் சலைன் என்ற உப்புநீரில் தனியாக அனுப்பி, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையும் கல்ச்சரும் கேட்கும் அறுவை அரங்கத் தோழர்களை மறக்க மாட்டோம்.

வீடு தேடிப் போய் 12 மாதமும் மாத்திரையை விடாமல் பார்க்கும் களப்பணியாளர்களுக்குத் தனி நன்றி. மருந்து தொடங்கிய சில வாரங்களில் கால் பலவீனம் கூடினால், மருந்து வேலை செய்யவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கிருமி சாகும்போது எழும் அழற்சியாகவும் இருக்கலாம், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் இருக்கலாம். மாத்திரையை நிறுத்தாமல் அன்றே அனுப்பிவையுங்கள். வரும்போது பிலிம் மட்டும் போதாது, பழைய ஸ்கேனின் சி.டி.யையும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் கட்டி சுருங்கியதா வளர்ந்ததா என்று சொல்ல முடியும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
காசநோய் சிகிச்சையில் உங்களோடு பணிபுரிவோர்