கைவைத்தியக் குறிப்பில் அளவையும் வயதையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் வரும் எடைக் குறைப்புக் குறிப்புகளையும் கைவைத்தியக் குறிப்புகளையும் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு குறை கண்ணில் படும். எதை எதோடு கலக்க வேண்டும் என்று இருக்கும். எவ்வளவு, எத்தனை நிமிடம், எந்த வயதினருக்கு, எந்த அறிகுறி தென்பட்டால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்பது மட்டும் இருக்காது. கெடுதல் பெரும்பாலும் அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது.

எல்லா மூடநம்பிக்கையையும் ஒரே கம்பால் அடிக்கச் சொல்லவில்லை. விரலில் நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இடக்கை விரல்களில் மட்டும் நெட்டி முறித்து, வலக்கையை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் வரவில்லை. அதற்காக 2009இல் இக் நோபல் பரிசு என்ற கேலிப் பரிசும் வாங்கினார். சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பதும் இந்த ரகம். கூம்பிய நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்பதால் தொட்டால் சொரசொரக்கிறது. தோலுக்கு அடியில் உள்ள வேருக்குச் சவரக்கத்தி வந்துபோனதே தெரியாது. இவற்றை நம்புகிறவர்கள் நம்பிவிட்டுப் போகட்டும்.

எடை விஷயம் அப்படி விடக்கூடியதல்ல. 'ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறையும்' என்று ஒரு குறிப்பு வந்தால், அது பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். அதுதான் சிக்கல். உடல் தன் அவசரச் செலவுக்காகக் கல்லீரலிலும் தசையிலும் சுமார் 400 முதல் 500 கிராம் வரை கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் முதல் சில நாளிலேயே அந்த இருப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் சிறுநீராகப் போகிறது. எடைக் கருவியில் இரண்டு கிலோ இறங்கிவிடும். கொழுப்பு அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டதும் முள் பழைய இடத்துக்கு ஏறும். 'என் உடம்பு வாகே இப்படி' என்று மனம் விட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் ஒரு நாளில் செலவழிப்பது 2,000 முதல் 2,500 கலோரிதான். பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் கிடந்தாலும் ஒரு கிலோ கொழுப்பு கரைய மூன்று நாளாவது ஆகும். ஆகவே ஒரே நாளில் ஒரு கிலோ குறைத்துக் காட்டும் எந்த வழியும் தண்ணீரைத்தான் குறைக்கிறது. பிளாஸ்டிக் உடையை மாட்டிக்கொண்டு ஓடி வேர்ப்பவர் இழப்பதும் அதையேதான். ஒரு லிட்டர் வேர்வை ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் கணக்கு நேராகிவிடும். குடிக்காமல் அடம்பிடித்தால் உடல் சூடேறி மயங்கி விழ வேண்டியதுதான்.

எடை பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. காலையில் கழிப்பறை போய் வந்த பின், எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் பார்க்க வேண்டும். கருவி கெட்டியான தரையில் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். உப்பு தூக்கலான ஒரு சாப்பாடு, மலச்சிக்கல், மாதவிலக்குக்கு முந்தைய நாள்கள் என்று எதனாலும் ஒரு கிலோ கூடலாம், குறையலாம். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஒற்றை நாள் எடையை வைத்துச் சந்தோஷப்படுவதும் வருத்தப்படுவதும் வீண்.

தொப்பையைக் குறைக்க வயிற்றுப் பயிற்சி என்பது நெடுநாள் பிழை. வயிற்றுத் தசை வேலை செய்யும்போது பக்கத்திலிருக்கும் கொழுப்பை உரசித் தேய்ப்பதில்லை. ஹார்மோன்களின் உத்தரவுப்படி உடல் முழுவதும் உள்ள கொழுப்புச் செல்கள் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடுகின்றன. தசை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போகும் என்பதைப் பரம்பரையும் பாலினமும் முடிவு செய்கின்றன. தசை பலப்படும், அந்த அளவுக்கு நல்லதே. கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் பலர் வேர்வை என்பார்கள், சிலர் மலம் என்பார்கள். பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. பேதி மருந்தால் கொழுப்பைக் கழுவித் தள்ளலாம் என்ற நினைப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது. சாப்பாட்டின் சத்தைச் சிறுகுடல் உறிஞ்சி முடித்த பிறகே பேதி மாத்திரை பெருங்குடலில் தன் வேலையைத் தொடங்குகிறது. அதனால் இழப்பது தண்ணீரும் பொட்டாசியமும். பொட்டாசியம் குறைந்தால் முதலில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு, அதற்கு மேலும் போனால் இதயத் துடிப்பே தடுமாறும்.

வெறும் வயிற்றில் வெந்நீர், எலுமிச்சை, தேன் என்ற கலவைக்கு வருகிறேன். கொழுப்பைக் கரைக்கும் அமிலம் எலுமிச்சையில் இருக்கிறது என்கிறார்கள். இரைப்பையில் ஏற்கெனவே ஊறும் அமிலம் அதற்கு இளைத்ததல்ல. அதோடு வாய்வழி போகும் எதுவும் தோலடிக் கொழுப்பை நேரில் சந்திப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 60 கலோரி உண்டு. சர்க்கரை போட்ட பானத்துக்குப் பதிலாக இதைக் குடித்தால் லாபம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே குடித்தால் கூடுதல் சுமை. பல்லுக்குத்தான் உண்மையான நஷ்டம். அமிலத்தன்மையின் அளவான பி.எச். சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். இரண்டை ஒட்டியது, வினிகரும் கிட்டத்தட்ட அப்படித்தான். குடிக்கிறவர்கள் நீர்க்கக் கலந்து, உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்து, உடனே வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். பல் துலக்குவதை அரைமணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். இளகிய எனாமலைத் தேய்த்தால் அது பிரஷ்ஷோடு போய்விடும்.

இனி குழந்தைகள் தொடர்பானவை. இவற்றில் சிரிக்க ஒன்றுமில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும் என்ற நம்பிக்கை உயிரைக் குடிப்பது. பேதி நடக்கும்போதும் சிறுகுடலில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும். உப்புச் சர்க்கரைக் கரைசலின் சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் அளவு பிசகக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்ட வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகப் பிரித்து ஒரு டம்ளரில் கலக்கும் பழக்கம் ஆபத்து. உப்பு மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குவிக்காமல் தலை தட்டி அளக்க வேண்டும். கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு ஒவ்வொரு டீஸ்பூனாகக் கொடுக்கலாம். குளிர்பானமும் கெட்டியான பழச்சாறும் மாற்று ஆகா. அவற்றின் சர்க்கரைச் செறிவு குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துவிட்டுப் பேதியைக் கூட்டும். கண் குழிந்து, சிறுநீர் அற்றுப்போய், குழந்தை துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது.

தீக்காயத்தில் பற்பசை, வெண்ணெய், மை, முட்டையின் வெள்ளைக்கரு என்று எதையாவது பூசுவது அடுத்தது. தீ அணைந்தாலும் தோலுக்குள் போன சூடு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது. மேலே எதையாவது அப்பினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது வெந்த தோலும் கூடவே வரும். செய்ய வேண்டியது, குழாயைத் திறந்து ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவது. கடிகாரம் பார்த்து 20 நிமிடம்; வலி குறைந்ததும் இரண்டே நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம். சுட்டு மூன்று மணி நேரம் வரையிலும் இது பலன் தரும். பனிக்கட்டி வேண்டாம், அது ரத்தநாளங்களைச் சுருக்கி காயத்தை ஆழமாக்கும். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடலாம். காயம் அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலும் மருத்துவமனைதான். சளிக்கு ஆவி பிடிக்கக் குழந்தையை வெந்நீர்ப் பாத்திரத்தின் முன் உட்கார வைப்பது இந்தக் காயங்களை வரவழைக்கும் நேர்வழி.

காய்ச்சலுக்குப் பட்டினி போடுவதும், போர்த்தி வேர்க்க வைப்பதும் இன்னும் ஒழியவில்லை. காய்ச்சலில் உடலின் எரிசக்திச் செலவு கூடுகிறது, குறைவதில்லை. பனிநீரில் துடைத்தால் குழந்தைக்கு நடுக்கம் எடுத்து உள்சூடு ஏறும். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் விஷமாகலாம்.

அதைவிடப் பரவலான தவறு மருந்துப் புட்டியில் நடக்கிறது. 'பாராசிட்டமால் சிரப் ஒரு ஸ்பூன்' என்பது அளவே இல்லை. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. ஒரு வேளைக்கு உச்சம். பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால் முதல் சிரப்பில் 6.25 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி. எடைக் கருவிக்கு உண்மையான வேலை இங்கேதான். வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. புட்டியோடு வரும் அளவுக் குப்பியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வேண்டும். சளிக்கான கூட்டு மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். கல்லீரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாமல் இருக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலே மருந்து தேடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்வது தவறு; ரத்தம் தொண்டையில் இறங்கி வாந்தி வரும். முன்னால் குனிந்து, மூக்கின் மிருதுவான கீழ்ப்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் எடுத்தெடுத்துப் பார்த்தால் நிற்காது. வலிப்பு வந்தவர் வாயில் கரண்டியைத் திணிக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்து நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

'இயற்கையானது, பக்கவிளைவில்லை' என்ற வரியை மட்டும் தயவுசெய்து எந்தக் குறிப்பிலும் அச்சிடாதீர்கள். அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின் தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் இருமலுக்கென்று அதைத் தினமும் மெல்லலாமா என்பதைக் குறிப்பு எழுதியவர் யோசித்திருக்க வேண்டும்.

கைவைத்தியமே வேண்டாம் என்பதல்ல என் கோரிக்கை. இருமலுக்குத் தேன் உண்மையிலேயே கேட்கிறது. ஆனால் அதே தேன் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் விதைகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளை முடக்கலாம். கொதிக்க வைத்தாலும் அந்த விதைகள் சாவதில்லை. அந்தக் குறிப்பை நீங்கள் அச்சிடுவதானால் இந்த அளவுக்காவது இருக்கட்டும்: ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு மட்டும். படுக்கப்போகும் முன் 2.5 முதல் 5 மி.லி. தேன், பிறகு பல் துலக்க வேண்டும். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, ஒரு முழு நிமிடத்தில் 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், அல்லது மூச்சை இழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், தேனை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்