மாடிப்படிக்கு அடியில் 14 பெட்டிகள்

நினைவு நூலக நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

என்னைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் சித்திக்கும் எனக்கும் பொன்னாடை போர்த்தி, ஊர் ஊராகக் கடல் தாண்டிப் போய்ப் பத்திரிகைக்குப் படம் எடுத்த சித்தப்பாவின் 14 பிலிம் பெட்டிகளையும் வாங்கிக்கொண்டீர்கள். அன்று எடுத்த படம் இன்னும் உங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. தினமும் துடைக்கிறார்கள் போல, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. நூலகத்தின் பெயரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கம் இல்லை, பெட்டிகள்தான் என் கவலை.

போன ஞாயிற்றுக்கிழமை கலை விழாவுக்கு வந்திருந்தேன். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிளெக்ஸ். மேலே கொட்டை எழுத்தில் 'தஞ்சைத் தரணியின் தோல்பாவைக்கூத்து'. அதன் கீழே சித்தப்பா எடுத்த படம். மூலையில் பொடி எழுத்தில் 'நன்றி: இணையம்'.

ஐயா, அந்தப் படத்தில் இருப்பது நம்ம பாவைக்கூத்துக் கோமாளி உச்சிக்குடும்பன் இல்லை. அவர் பெயர் செமார். ஜாவாக்காரர். அந்த ஊர் நிழல்கூத்தில் அர்ச்சுனனுக்கே புத்தி சொல்லும் கோமாளி. நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி நிற்கும், தொப்பை இருக்கும், ஒரு விரல் எப்போதும் நீட்டியபடி இருக்கும். கொத்து முடியைப் பார்த்ததும் உங்கள் டிசைனர் குடுமி என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. நம்ம ஊர் பாவை ஆட்டுத்தோலில் செய்தது, விளக்கு வெளிச்சம் ஊடுருவி அதன் சாயம் திரையில் நிறமாக விழும். ஜாவாப் பாவை எருமைத்தோல். உளியால் பொத்துப் பொத்தாக வெட்டியிருப்பார்கள், எருமைக் கொம்பைச் சீவிப் பிடி போட்டிருப்பார்கள். அந்தக் கொம்புப் பிடி உங்கள் பிளெக்ஸில் ஒரு முழ நீளத்துக்குத் தெரிகிறது. இணையத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்களே, அது நான் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த 40 மாதிரிப் படங்களில் ஒன்று.

பெட்டிகளோடு 11 நீள நோட்டும் கொடுத்தோம். அதில் எந்த நோட்டையாவது ஒருமுறை பிரித்துப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. சித்தப்பா ஒவ்வொரு ரோலுக்கும் எண் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுவார். பள்ளிக்கூட நாட்களில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதும் உண்டு. அதனால் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்: "ரோல் 212, படம் 17. ஜோக்ஜா. ராத்திரி 2 மணி. ஆட்டுகிறவர் கால் விரலிடுக்கில் மரக்கட்டையைப் பிடித்துப் பாவைப் பெட்டியில் தட்டுகிறார். இரண்டு கையிலும் பாவை. வாய் பாடுகிறது. தேங்காய் எண்ணெய் விளக்கு. சனங்கள் பாதிப் பேர் நிழலைப் பார்க்காமல் இவர் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்." இவ்வளவும் ஒரு படத்துக்கு. அந்த நோட்டு இல்லையென்றால் அது வெறும் ஒரு பொம்மைப் படம். பிறகு யார் வேண்டுமானாலும் அதற்கு எந்த ஊர்ப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்தும்விட்டீர்கள்.

சரி, தவறு யாருக்கும் நேரும். நோட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவை மாடியில் பழைய வருகைப் பதிவேடுகளோடு கட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பெட்டிகள்? "கீழதான் டீச்சர் இருக்கு" என்று ஒரு தம்பி அழைத்துப் போனார்.

மாடிப்படிக்கு அடியில். மோட்டார் சுவிட்ச், இரண்டு விளக்குமாறு, கால் உடைந்த நாற்காலி, காலித் தண்ணீர் கேன்கள், அதற்குப் பின்னால் 14 பெட்டி. படிக்கட்டுச் சுவர் கழிப்பறைச் சுவரும்தான் என்பதால் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு உப்பிக் கொட்டியிருக்கிறது. குனிந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. "யாரோ ஊறுகாய் பாட்டிலை உடைச்சிருக்காங்க டீச்சர்" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அது ஊறுகாய் இல்லை. பிலிம் சாகிற வாடை. அசிடேட் பிலிம் ஈரத்திலும் சூட்டிலும் கெட ஆரம்பித்தால் அசிட்டிக் அமிலம் விடும், அதாவது வினிகர். அந்த அமிலமே மேலும் கெடுக்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் புது பிலிம் சுமார் 40 வருடத்தில் இந்த நிலைக்கு வரும் என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. இன்னும் குளிர்ச்சியாகவும் காய்ந்தும் இருந்தால் பல மடங்கு தாங்கும். காவிரிக் கரையில் கழிப்பறைச் சுவரை ஒட்டி எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு யாரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஆராய்ச்சியை நீங்கள்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடித்தாள் உறைக்குள் நெகட்டிவ் சுருண்டு, மேல்பூச்சு பொரித்த அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கப்பல் தளம். 1971இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனபோது எடுத்த முதல் ரோல். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்த ரோலில் ஒரு அம்மா கப்பல் கம்பியில் புடவையைக் காயப்போட்டுக்கொண்டு நிற்பார். புடவை உப்பியிருக்கும், பின்னால் முழுக்கக் கடல். சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்த படம். பத்திரிகையில் வந்ததில்லை. இப்போது புடவை இருக்கிறது. அந்த அம்மாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு கொப்புளம்.

1985இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்த பிறகு அந்தக் கப்பல் வழியே நின்றுபோனது. இனி அந்தப் படத்தை யாரும் போய் எடுத்து வர முடியாது.

எங்கள் வீட்டிலும் ஏசி கிடையாது, ஓட்டு வீடுதான். ஆனால் சித்தி ஒவ்வொரு ஐப்பசியிலும் அரிசியை வறுத்து, ஆறவைத்து, பழைய வேட்டித் துணியில் முடிச்சாக முடிந்து, பெட்டிக்கு இரண்டாகப் போட்டு மூடுவார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை முடிச்சை எடுத்துப் புதிதாக வைப்பார். வறுத்த அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தை பிறந்ததும் பெட்டிகளைத் திறந்து நிழலில் காற்றாட வைப்போம். கஜா புயல் அடித்த 2018 ஐப்பசிகூட அப்படித்தான் கடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சித்தி முப்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றியதை, நூலகர், எழுத்தர், காவலாளி எல்லாம் இருக்கிற உங்கள் கட்டடம் ஆறு மழைக்காலத்தில் கெடுத்துவிட்டது. மூன்றாம் பெட்டியில் இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. ஆறு வருடத்துக்கு முந்தைய அரிசி. கறுத்துப்போய்ப் புழு வைத்திருந்தது. மாற்றாத முடிச்சைப் பெட்டிக்குள் வைப்பதும் ஈரத்துணியை வைப்பதும் ஒன்றுதான்.

அதனால் கேட்கிறேன். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் அந்த 14 பெட்டிகளையும் மாடிப்படிக்கு அடியிலிருந்து எடுங்கள். நோட்டுகளையும் அவற்றோடு சேர்த்து வையுங்கள். உங்களால் முடியாது என்றால் திருப்பிக் கொடுங்கள்.

'பழைய படங்கள்தானே' என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பத்திரிகை ஒரு பயணத்துக்குப் பத்துப் படம் போடும், மீதி நானூறு பெட்டிக்குப் போகும். அந்த மீதியில்தான் விஷயமே இருக்கிறது. பாங்காக்கில் வாட் சுத்தாட் கோயில் வாசலில் நிற்கும் சிவப்பு ஊஞ்சல் கம்பங்கள் அதில் இருக்கின்றன. ஊஞ்சல் ஆடுவதை 1935இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த விழாவில் அரண்மனை அந்தணர்கள் ஓதுவது நம்ம திருவெம்பாவை. உச்சரிப்பு மாறி, பொருள் தெரியாமல், ஆனாலும் விடாமல் ஓதுகிறார்கள். அங்கே அதைக் கேட்டுவிட்டு, பொத்தானை அழுத்தவே மறந்துபோனேன் என்று சித்தப்பா நோட்டில் எழுதியிருக்கிறார். இலங்கை அம்பலாங்கொடையில் கதுரு மரத்தில் பேய் முகமூடி செதுக்கும் பெரியவர், அவர் மடியில் தூங்கும் பேத்தி. பினாங்கில் ஐந்தடி நடை என்கிற கடைவாசல் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு முடிவெட்டும் நாகூர்க்காரர். ஜாவாவில் வெண்கலத் தாளம் வார்க்கும் பட்டறை. அதன் குறிப்பில் "நம்ம சாமிமலை மாதிரியே வேர்க்கிறார்கள்" என்று ஒரே வரி. அங்கே போய் இந்த ஊரைப் பார்த்தவர் அவர். வண்ண ஸ்லைடுகள் தனி. கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் நிறம் சுலபத்தில் போகாது, அது மட்டும் பரவாயில்லை. ஊட்டி தொழிற்சாலையில் செய்த 'இந்து' என்ற பெயர் கொண்ட பிலிம் ரோல்களும் கொஞ்சம் இருக்கின்றன. அந்தத் தொழிற்சாலையும் மூடியாயிற்று.

நமக்குக் கடாரம் என்றால் புல்லரிக்கும். ராஜேந்திரன் கப்பல் அனுப்பி ஆயிரம் வருடம் ஆனதற்கு ஊரெல்லாம் மேடை, ஊரெல்லாம் மைக். உங்கள் வாசலிலும் புலிக்கொடி பறந்தது. அதே கடாரத்துக்கு டெக் டிக்கெட்டில் போய், அங்கே சனங்கள் எப்படிச் சமைக்கிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து எடுத்து வந்ததை விளக்குமாறுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். நாகப்பட்டினம் சூடாமணி புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த சாசனத்துக்கு, ஹாலந்து ஊரின் பெயரால் லெய்டன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. டச்சுக்காரன் கொண்டுபோனான் என்று மேடைக்கு மேடை பொருமுகிறோம். கொண்டுபோனவன் படிக்கட்டுக்கு அடியில் வைக்கவில்லை. செம்பு என்பதால் நம்மிடமே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது, பாத்திரக்கடை வீதிக்கா நம்ம ஊரில் பஞ்சம்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

கண்காட்சி எப்போது என்று போன வருடம் கேட்டபோது, 2028 மகாமகத்துக்குப் பிரமாதமாகச் செய்யலாம் என்றீர்கள். கண்காட்சி வேண்டாம். பிளெக்ஸும் வேண்டாம், இன்னொரு பொன்னாடையும் வேண்டாம். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ஒரு வீட்டுக்குள் சேர்த்து வைத்ததுதான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடியே இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. அவர்கள் அளவுக்கு உங்களைக் கேட்கவில்லை. மாடியில் உங்கள் கூட்ட அறையில் ஏசி ஓடுகிறது, மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது. அந்த அறையில் ஒரு இரும்பு பீரோ வைக்க இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பீரோவை நான் வாங்கித் தருகிறேன். வாடை வந்த பெட்டிகளை மற்றவற்றிலிருந்து தனியே பிரித்து வைக்க வேண்டும், அதற்கு எனக்கு இரண்டு நாள் போதும். யாரும் உதவிக்கு வர வேண்டியதில்லை.

பெட்டிகள் நூலகத்தின் சொத்து, தனியாருக்குத் திருப்பித் தர விதி இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சொன்னார். நீங்கள் எனக்குக் கொடுத்த ரசீதை எடுத்துப் பார்த்தேன். 'பழைய புகைப்படப் பெட்டி 14, கறுப்பு பிலிம் துண்டுகள், நோட்டு 11' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கறுப்பு பிலிம் துண்டுகளுக்கு இவ்வளவு உரிமை கொண்டாட வேண்டுமா என்று தயவுசெய்து நீங்களே யோசியுங்கள். விதி இருக்கிறது என்றால் அதே விதி ஈரம் படாமல் வைக்கவும் சொல்லியிருக்கும்.

சித்தியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. 84 வயது. அரிசி மாற்றுகிறார்களா என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் கேட்பார், ஆமாம் என்று சொல்லிவந்திருக்கிறேன். இந்த வருடமும் அப்படிச் சொல்ல வாய் வராது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மழைக்கு முன் பெட்டிகளை மாடிக்கு ஏற்றுங்கள், நோட்டுகளைச் சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குட்டியானை வண்டியும் 28 புது முடிச்சுமாக வருகிறேன். மாடிக்கா, வண்டிக்கா என்பதை அதற்குள் நீங்கள் முடிவு செய்யலாம். படிக்கட்டுக்குக் கீழே உள்ள கம்பிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் காவலாளியிடம் சொல்லி வையுங்கள். போன தடவை அதைத் தேடவே முக்கால் மணி நேரம் ஆனது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.