கடைசி ஒன்பது பேரின் சம்பளம்: பெண்கள் ஹொக்கி லீக்கிற்கு ஒரு திறந்த மடல்

பெண்களின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான பிடபிள்யூஎச்எல் நிர்வாகத்தினருக்கும், அதன் ஆலோசனைக் குழுவில் இருக்கும் ரெனிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் அம்மையாருக்கும்,

வணக்கம். ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். ரொறொன்ரோ செப்டர்ஸ் அணியின் இரசிகன். ஹொக்கி ஆடும் ஒரு மகளுக்குத் தகப்பன்.

நீங்கள் செய்து காட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் 20 அன்று மொன்றியல் பெல் சென்ரரில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 21,105 பேர் வந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முந்தி எங்கள் ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் 19,285 பேர். ஆறு அணிகளோடு தொடங்கிய லீக், இரண்டே பருவங்கள் முடிந்ததும் வன்கூவரையும் சியாற்றிலையும் சேர்த்துக்கொண்டது. ஆள் குறைவாக ஆடும் அணி கோல் போட்டால் தண்டனைப் பெட்டியில் இருக்கும் அதன் வீராங்கனை உடனே வெளியே வரலாம் என்ற உங்கள் விதி, என்னைக் கேட்டால், ஆண்களின் லீக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியது.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

செப்டர்ஸ் இப்போது ஆடும் கொக்கா-கோலா கொலிசியத்தில்தான் 2019 மார்ச் 24 அன்று பழைய கனேடியப் பெண்கள் லீக்கான சிடபிள்யூஎச்எல்லின் இறுதியாட்டம் நடந்தது. கல்கரி 5-2 என்று மொன்றியலை வென்றது. சரியாக ஒரு வாரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீக்கையே மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். உலக சாம்பியன்ஷிப் போட்டி தொடங்க நாலு நாள்தான் இருந்தது. கிளம்பிக்கொண்டிருந்த பெண்களுக்குத் திரும்பி வர ஒரு கழகம் இல்லை.

அன்று தோற்ற மொன்றியல் அணியின் நட்சத்திரம் மாரி-பிலிப் பூலன். 2010 வன்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடா போட்ட இரண்டு கோல்களையும் 18 வயதில் போட்டவர். 2014 சோச்சியில் ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது சமன் செய்து, மேலதிக நேரத்தில் வெற்றி கோலையும் போட்டவர். 2018, 2022 இறுதியாட்டங்களிலும் கோல் போட்டிருக்கிறார். இப்பேர்ப்பட்டவர் ஆடிய சிடபிள்யூஎச்எல், 2017 வரை யாருக்கும் சம்பளமே கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு கொடுத்ததும் ஒரு பருவத்துக்கு 2,000 டொலரில் இருந்து 10,000 வரை. லீக் மூடப்பட்டபோது பூலனுக்கு 28 வயது. அடுத்த நாலு வருடங்களை நகரம் நகரமாகக் காட்சி ஆட்டம் ஆடிக் கழித்தார். ஒழுங்கான ஒரு லீக்கில் அவர் காலடி வைத்தபோது வயது 32.

பூலனுக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது. தேசிய அணி, அரசின் விளையாட்டு உதவித்தொகை, விளம்பர ஒப்பந்தங்கள் எல்லாம் இருந்தன. நான் கேட்பது நாலாவது வரிசையில் ஆடுகிறவளுக்காக. ஒரு ஆட்டத்தில் ஏழெட்டு நிமிடம் பனியில் இறங்கி, எதிரணியின் அடியை வாங்கி, பக் என்ற இறப்பர் வட்டை வெளியே தள்ளிவிட்டு வந்து உட்காருகிறவள். தேசிய அணியின் அழைப்பு அவளுக்கு வராது. அவளுடைய பெயர் போட்ட சேட்டும் கடையில் தொங்காது.

2023 இல் நீங்கள் வீராங்கனைகள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் 2031 யூலை வரை செல்லும். குறைந்த சம்பளம் 35,000 அமெரிக்க டொலர், அணியின் சராசரி 55,000, வருடத்துக்கு 3 வீத உயர்வு. ஆறு பேருக்காவது 80,000க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அடிமட்டச் சம்பளத்தில் ஒன்பது பேருக்கு மேல் வைக்கக் கூடாது. பார்க்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் சராசரியைக் கட்டிப்போட்டால், மேலே கொடுப்பது கீழே இருந்துதான் வரும். அந்த ஒன்பது பேர் உங்கள் கணக்கு சரியாக வருவதற்காகவே அங்கே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் இருந்த மற்ற லீக்கான பிஎச்எவ், 2023-24 பருவத்துக்கு அணிச் சம்பள உச்சவரம்பை 15 இலட்சம் டொலர் என்று அறிவித்திருந்தது. அந்த லீக்கை வாங்கி மூடியது உங்கள் முதலாளிகள்தான். சராசரி 55,000 என்றால் 23 பேர் கொண்ட உங்கள் அணிக்கு 12 இலட்சத்து 65 ஆயிரம். ஒரே லீக் வேண்டும் என்று நானும்தான் விரும்பினேன். அதற்கான விலையில் ஒரு பங்கை யார் கட்டினார்கள் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

2025-26 கணக்கில் அடிமட்டச் சம்பளம் ஏறத்தாழ 37,131 டொலர். அதை 55,000 ஆக்க, அணிக்கு ஒன்பது பேர் வீதம் எட்டு அணிகளுக்கும் சேர்த்துச் சுமார் 13 இலட்சம் டொலர் போதும். லீக்கின் உரிமையாளர் மார்க் வால்டர் டொட்ஜர்ஸ் பேஸ்போல் அணிக்கும் முதலாளி. அங்கே ஆடும் ஷோஹெய் ஓதானியின் 70 கோடி டொலர் ஒப்பந்தத்தில் பெரும் பகுதி பிற்காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இப்போது அவர் வருடத்துக்குக் கையில் வாங்குவது வெறும் 20 இலட்சம். அந்த "வெறும்" கூட உங்கள் ஓர் அணியின் முழுச் சம்பளத்தைவிடக் கூட. பேஸ்போலின் வருமானம் வேறு, தெரியும். ஆண்களின் என்எச்எல்லோடு சமம் கேட்கவும் வரவில்லை. 13 இலட்சம் கேட்கிறேன்.

எங்கள் தமிழ்ப் பெற்றோரிடம் பிள்ளை ஹொக்கி ஆடுகிறாள் என்றால் அடுத்த கேள்வி, "இதிலை சோறு கிடைக்குமோ?" என்பதுதான். சிரிக்க வேண்டாம். கிட்டும் உடுப்பும் மைதானக் கட்டணமும் கட்டி, விடிய ஐந்து மணிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்கிற நியாயமான கேள்வி. பூலனைக் காட்டிப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயிரத்தில் ஒருத்தி பூலன் ஆகலாம். மற்றவர்கள் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி ஆனாலே பெரிய சாதனை. அந்தச் சாதனைக்காரிக்குக் கோடையில் வேறு வேலை தேடாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அணி கூட்டும்போது இன்னொரு கவனம். 2025 விரிவாக்கத்தில் பழைய அணிகள் ஒவ்வொன்றும் நாலு பேரைப் புதிய இரண்டு அணிகளிடம் இழந்தது. தொடக்கத்தில் மூன்று பேரை மட்டுமே காப்பாற்றிக்கொள்ள விட்டீர்கள். அமெரிக்க அணியின் தலைவி ஹிலரி நைட்டே பொஸ்ரனில் இருந்து சியாற்றிலுக்குப் போனார். இனி அடிமட்டச் சம்பளக்காரியை நாட்டின் மறுகரைக்கு மாற்றினால், அந்த வருடத்துக்காவது சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள்.

கிங் அம்மையார், 1970 இல் நீங்களும் வேறு எட்டு ரெனிஸ் வீராங்கனைகளும் ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்கள். மூன்றே வருடத்தில் அமெரிக்க ஓப்பனில் ஆண்களுக்குச் சமமான பரிசுப் பணம் வந்தது. 2031 வரை பொறுக்கச் சொல்லும் ஒப்பந்தத்தை உங்களால் பொறுத்திருக்க முடிந்திருக்குமா? இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் எந்த ஒப்பந்தத்தையும் இடையில் திருத்தலாம். முதல் பருவத்தில் 23 வயதில் வந்தவளுக்கு 2031 இல் 30 ஆகிவிடும். அடுத்த பருவம் தொடங்குமுன் சங்கத்தை அழைத்து, அடிமட்டச் சம்பளம் பற்றிய இந்த ஒரு வரியை மட்டும் மேசையில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து ஒரு செப்டர்ஸ் இரசிகன்